கத்தியின் கருமை

பூமியைத் தோண்டி நாம் எடுக்கும் இரும்பு அநேகமாக இரும்பாகக் கிடைப்பதே இல்லை. ஆகாயத்திலிருந்து எப்போதாவது விழும் சில கற்களை ஒதுக்கிவிட்டால், அது செம்மண்ணாகவும் கருங்கல்லாகவும், பிராணவாயுவோடு எளிதில் பிரிக்க முடியாதபடி பிணைந்தே கிடக்கிறது. கரியையும் துருத்தியையும் கடுந்தீயையும் துணைக்கொண்டு, அந்தப் பிணைப்பை மனிதன் பலவந்தமாக அறுத்துப் பிரித்தெடுத்ததுதான் நம் கையிலிருக்கும் கத்தியும் கடப்பாரையும். ஆகையால், உலையிலிருந்து வெளிவந்த கணமுதல், ஈரக்காற்று எங்கே கிடைக்குமென்று பார்த்திருந்து, தன் பழைய நிலைக்கே திரும்பிப்போக இரும்பு முயல்வதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. துரு என்று நாம் வெறுப்பது அதன் சுபாவமேயொழிய நோயன்று.

ஆனால் இந்தத் திரும்புதலுக்குச் சிவந்தது ஒன்று, கருத்தது ஒன்று என்று இருவேறு வழிகள் உண்டு. சிவந்த துரு நீரை உட்கொண்டு உப்பி, பஞ்சுபோல் நுண்துளைகள் மலிந்து, தான் உட்கார்ந்த இடத்தில் நிலைகொள்ளாமல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பைக் காற்றுக்குக் காட்டிக் கொடுத்து, இருக்கும் ஈரத்தையும் விடாமல் பிடித்துவைத்துக்கொண்டு, கடைசியில் பொருளையே தின்று தீர்த்துவிடும். கருத்ததோ, காந்தக்கல்லில் காணப்படும் அதே பொருள். மெல்லியதாக, நெருக்கமாக, இரும்பின் மேனியோடு ஒட்டிக்கொண்டு, தனக்குக் கீழே உள்ளதை ஈரம் எளிதில் தொடாதபடி மறைத்து நிற்கும் தன்மை அதற்கு உண்டு. இரண்டும் இரும்பும் பிராணவாயுவும் கூடிப் பிறந்தவையே. எனவே கத்திக்குக் காப்புத் தேடுகிறவன், அது மாறுவதைத் தடுக்க வீண் பிரயத்தனம் செய்வதைக் காட்டிலும், எந்த வழியில் மாற வேண்டும் என்பதைத் தானே நிர்ணயித்துக்கொள்வது உத்தமம் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம்.

இந்த விஷயம் நம் வீடுகளில் மறந்துபோனதற்கு எவர்சில்வரே காரணம். 1913-ஆம் ஆண்டில், இங்கிலாந்திலுள்ள ஷெஃபீல்டு நகரத்தில், துப்பாக்கிக் குழலுக்குத் தேய்மானம் தாங்கும் உருக்கைத் தேடிக்கொண்டிருந்த ஹாரி பிரியர்லி, சுமார் 13 சதவிகிதம் குரோமியம் கலந்த உருக்கு எளிதில் அரிக்கப்படாததைக் கண்டார். கத்திகளுக்குப் பேர்போன அந்த ஊரில், அந்த உருக்கு துப்பாக்கியைவிட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்தது இயல்பே. அது துருப்பிடிப்பதில்லை என்கிறோம். உண்மையில், காற்றுப் பட்ட மாத்திரத்தில் அதிலுள்ள குரோமியம் பிராணவாயுவோடு கூடி, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலமாக மேலே படிந்துவிடுகிறது; கீறினால் மறுபடி தானாகவே மூடிக்கொள்ளவும் செய்கிறது. அந்தப் பளபளப்பும் ஒரு போர்வையின் பளபளப்புத்தான். குரோமியம் இல்லாத சாதாரண உருக்குக்குப் பிறவியில் அந்தப் போர்வை வாய்க்கவில்லை. அதை நாம் தேடித் தர வேண்டியிருக்கிறது.

அப்படியானால் அந்தச் சிரமமற்ற எவர்சில்வர்க் கத்தியையே வைத்துக்கொள்ளலாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆயினும் லாரியின் பழைய வில்பட்டையை வாங்கி, வெட்டி, காய்ச்சி, அடித்து, நீரிலோ எண்ணெயிலோ துவைத்து, நம் பட்டறைக் கொல்லர் செய்து தரும் கத்தியில் அரைச் சதவிகிதத்துக்குக் குறையாத கரிச்சத்து இருக்கிறது. குரோமியத்தின் கடினமான கூட்டுப்பொருள்கள் இல்லாமையால் சாணையில் சீக்கிரம் கூர்மை ஏறுகிறது. வெங்காயத்தை அரியும்போது அழுத்தாமலே இறங்குகிற அந்த முனை, கடையில் அட்டைப்பெட்டியில் வரும் மலிவான கத்திகளுக்கு வருவதில்லை. திருப்பாச்சேத்தி அரிவாளைப் பற்றி ஊரெல்லாம் பேசுவது அதன் கூர்மையைத்தானேயன்றி, அதன் மினுமினுப்பை அல்ல.

புதிதாக வந்த அத்தகைய கத்தியில் ஒரு குறை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாங்காயை அரிந்தால் துண்டுகளின் விளிம்பு கருக்கும். எலுமிச்சம்பழத்தை நறுக்கினால் சாற்றில் இரும்பின் வாடை ஏறும். வாழைப்பூவை அரிந்துவிட்டுத் துடைக்க மறந்தால் அலகெங்கும் திட்டுத்திட்டாக நீலமும் கறுப்பும் படியும். வீட்டில் உள்ளவர்கள் இதைப் பார்த்துக் கத்தியின்மேல் அருவருப்புக் கொண்டு, செங்கற்பொடியையும் சாம்பலையும் வைத்துத் தேய்த்துப் பழைய வெண்மையை மீட்டுவிடுகிறார்கள். மறுநாள் மாங்காய் மறுபடியும் கருக்கிறது. என் பாட்டியார் காலத்து அரிவாள்மணையின் அலகு இதற்கு நேர்மாறாக இருந்தது. அதன் வாய் ஒரு நூல் அகலத்துக்கு வெள்ளிக்கோடாக மின்ன, மற்ற இடமெல்லாம் புகைபிடித்த கருமையாகவே இருக்கும். அதில் அரிந்த காயில் இரும்பு வாடை இருந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வாழைக்காயும் வாழைப்பூவும் மாவடுவும் வருஷக்கணக்காக அதற்குப் பூசிவைத்த காப்பு அது. நாம் வீட்டில் செய்ய விரும்புவது, அந்த வருஷங்களைச் சில மணி நேரத்துக்குள் சுருக்குவதைத்தான்.

அந்தக் காய்களில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் விஷயம் விரிகிறது. நாவைச் சுருக்கும் துவர்ப்புச் சத்து எந்தக் காயில் மிகுந்திருக்கிறதோ, அது இரும்போடு சேர்ந்து கருநீலமான ஒரு பொருளாகிவிடும். மாசிக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் காய்ச்சிய மையினால்தான் ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளாகத் தங்கள் ஆவணங்களை எழுதினார்கள். அன்னபேதி என்பது இரும்பின் உப்பே. காளஹஸ்தியில் கலம்காரி எழுதுகிறவர்கள், துணியை முதலில் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்திவிட்டு, பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு ஊறப்போட்டுப் புளிக்கவைத்த நீரை மூங்கில் எழுதுகோலில் தொட்டு அதன்மேல் கோடிழுக்கிறார்கள்; கலங்கலாக இறங்கும் அந்த நீர், கடுக்காயேறிய துணியைத் தொட்டதும் கன்னங்கரேலென்று மாறி, எத்தனை சலவைக்கும் அசையாமல் நின்றுவிடுகிறது. வாழைப்பூ அரிந்த அலகில் நடப்பதும், ராமாயணக் காட்சிகள் தீட்டிய அந்தத் திரைச்சீலையில் நடப்பதும் ஒரே ரசாயனம் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஏற்படும் சந்தோஷம் சிறிதன்று.

தோசைக்கல்லைப் பழக்குவதோடு இதை ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. கல்லின்மேல் ஏறும் கருமை, சூட்டில் இறுகிப்போன எண்ணெயின் பூச்சு. அது வெளியிலிருந்து வந்து படிவது. கத்தியின் கருமையோ அதன் மேற்புற இரும்பே உருமாறியது.

நான் அனுசரிக்கும் முறை எளியது. கத்தியைச் சோப்பினாலோ அரப்பினாலோ நன்றாகக் கழுவி, எண்ணெய்ப்பசை சிறிதும் இல்லாமல் துடைத்து, பிறகு அலகை விரலால் தொடாமல் வைத்துக்கொள்ள வேண்டும்; விரற்பசை பட்ட இடம் வெளுத்தே நின்றுவிடும். வினிகர் என்று கடையில் விற்கும் காடியைக் கொதிக்கவிடாமல் கை பொறுக்காத அளவுக்குச் சூடாக்கி, உயரமான கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, பிடி நனையாதபடி அலகை மட்டும் அதில் நிறுத்தினால், சற்று நேரத்தில் அலகின்மேல் முத்துமுத்தாகக் குமிழிகள் அரும்புவதைக் காணலாம். திராவகம் இரும்பைக் கரைக்கத் தொடங்கியதன் அடையாளம் அது. பத்து நிமிஷம் கழித்து எடுத்துக் கழுவினால் மேகத்தின் சாம்பல்நிறம் தெரியும். கையில் ஒட்டுகிற கரியை மெல்லிய துணியால் துடைத்துவிட்டு, மறுபடியும் அமிழ்த்த வேண்டும். நிறம் சமமாக இறங்கும்வரை இப்படிச் செய்துவிட்டு, தேயிலையையோ இடித்த கடுக்காய்த் தோலையோ கெட்டியாகக் கஷாயமிட்டு அதில் ஊறவைத்தால், சாம்பல்நிறம் கண்முன்னே கருநீலமாக ஆழ்ந்துபோகும். பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் அலசிப் புளிப்பை அறவே போக்குவது மிகவும் முக்கியம். பிடியும் அலகும் சேரும் சந்தில் ஒரு சொட்டுப் புளிப்பு தங்கினாலும், விடிவதற்குள் அங்கே சிவந்த துரு பூத்துவிடும்.

இதற்குப் பின் பலர் நிறுத்திக்கொள்கிறார்கள், நான் நிறுத்துவதில்லை. அலகைச் சுத்தமான நீரில் கால்மணி நேரம் கொதிக்கவைக்கிறேன். ஆங்காங்கே இலேசாகச் சிவந்திருந்த பொட்டுக்கள் எல்லாம் அந்தக் கொதிநீரில் கருத்த துருவாக மாறிவிடுகின்றன. துப்பாக்கி செய்கிறவர்கள் குழலுக்குக் கருமையேற்றக் கையாண்ட பழைய முறை இதுவே. அவர்கள் வேண்டுமென்றே சிவந்த துருவை மெல்லியதாக ஏறவிட்டு, கொதிக்கவைத்துக் கருக்கச்செய்து, உதிர்வதைத் தேய்த்துவிட்டு, மறுபடியும் துருவேற்றி, இப்படிப் பலதரம் செய்து ஆழ்ந்த வர்ணத்தைப் பெற்றார்கள். சத்துருவையே காவலனாக மாற்றும் இந்த வித்தை, இந்த வேலை முழுவதிலும் என் மனத்துக்கு மிகவும் உகந்தது. கொதிநீரிலிருந்து எடுத்து, சூடு ஆறுமுன் துடைத்து, தேங்காயெண்ணெயை மெல்லியதாகத் தடவிவிட்டால், படலத்தில் எஞ்சியிருக்கும் நுண்துளைகளை எண்ணெய் அடைத்துக்கொள்ளும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப் பிடித்துக்கொள்ளும். தேங்காயெண்ணெய் அப்படிச் செய்வதில்லை.

மேனாட்டில் சிலர் காடி கலந்த கடுகு விழுதை அலகின்மேல் பொட்டுப் பொட்டாக வைத்துப் புலிவரிபோலச் சித்திரம் காட்டுகிறார்கள். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. எனினும் காப்புச் சமமாக ஏறுவதே முக்கியம் என்று நினைக்கிற எனக்கு அதில் நாட்டம் இல்லை. எவ்விதத்திலும் செய்யக் கூடாதவை என்று நான் கருதுபவை வேறு. துப்பாக்கிக்கு நொடியில் கருமையேற்றவென்று விற்கும் மருந்துகள் பலவற்றில் செலினியத்தின் உப்புக்கள் இருக்கின்றன. விஷமான அந்தப் பொருளை ஆகாரம் அரியும் அலகில் தடவுவது தகாது. காடியில் உப்பைச் சேர்ப்பதும் தகாது. உப்பு எந்தப் படலத்தையும் துளைத்து, ஊசிமுனைக் குழிகளாக உள்ளே அரித்துக்கொண்டு போகும். கடலோர ஊர்களில் இரும்பு படும் பாட்டுக்கு அதுவே காரணம்.

அடுப்புத் தணலில் கத்தியைக் காட்டி நீலம் ஏற்றலாம் என்பதும் ஆபத்தான யோசனை. கொல்லர் அலகைத் துவைத்து இறுகச் செய்தபின், அது கண்ணாடிபோல் நொறுங்காதிருக்க மறுபடி மெல்லச் சூடேற்றிப் பதப்படுத்துவார். அப்போது மெருகிட்ட உருக்கின்மேல் சுமார் 220 டிகிரியில் இளவைக்கோல் நிறமும், பிறகு பழுப்பும், 280 டிகிரியையொட்டி ஊதாவும், 300 டிகிரிக்கு அருகில் நீலமும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவரும். கண்ணுக்கு அகப்படாத பருமனில் படிந்த துருப்படலம், சூட்டுக்குத் தக்கபடி தடித்துக்கொண்டே போய், ஒளியைப் பிரித்துக் காட்டும் வர்ணங்கள் அவை. சூட்டுமானி இல்லாத காலத்திலும் கொல்லர் அந்த வர்ணங்களைக் கண்ணால் படித்தே பதம் அறிந்தார். வைக்கோல் நிறத்தில் அவர் நிறுத்திய கத்தியை நாம் நீலம்வரை கொண்டுபோனால், அழகு வந்துவிடும்; அவர் தந்த கடினம் போய்விடும். காடியும் கொதிநீரும் 100 டிகிரியைத் தாண்டாதவையாதலால் அவற்றால் பதத்துக்கு யாதொரு பங்கமும் இல்லை.

செங்கற்பொடியால் தேய்த்துக் கருமையைப் போக்கிவிடுவதைப் பற்றி மேலே சொன்னேன். டில்லியில், குதுப்மினாருக்கு அருகே மெஹ்ரௌலியில் நிற்கும் இரும்புத்தூண் அதற்குப் பெரிய உதாரணம். ஏறக்குறைய 7 மீட்டர் உயரமும் 6 டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட அந்தத் தூண், குப்தர் காலந்தொட்டுச் சுமார் 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆர். பாலசுப்பிரமணியம் அதை நெடுங்காலம் ஆராய்ந்து, பழைய முறையில் கரியினால் பிரித்தெடுத்த அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதும், அதனால் மேலே மெல்லிய காப்புப்படலம் ஒன்று உண்டாகி நிலைபெற்றதுமே காரணம் என்று விளக்கினார். அதுவும் துருப்பிடித்த தூணேயாம். நல்ல துருப்பிடித்த தூண். முதுகைச் சாய்த்துக் கைகளைப் பின்னால் கோத்துத் தூணைத் தழுவினால் நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கையில் வந்தவர் அனைவரும் தழுவியதனால், கைபட்ட பகுதி மட்டும் போர்வை தேய்ந்து பளபளத்தது. 1997-இல் சுற்றிலும் வேலி போட்டார்கள். நம் வீட்டுக் கத்திக்கு வேலி வேண்டியதில்லை. கம்பித் தேய்ப்பானையும் செங்கற்பொடியையும் அதன் பக்கம் கொண்டுபோகாமல், வேலை முடிந்ததும் நீரில் கழுவி, உடனே துடைத்து வைத்தால் போதும்.

சாணை பிடிக்கும்போது வாயோரத்தில் கருமை நீங்கி வெளுப்பது அவசியமே. அதற்காக வருந்தவும் வேண்டாம், மறுபடி காடியில் போடவும் வேண்டாம். அந்த ஓரம் அன்றாடம் அரியும் காய்களால் தானே கருக்கத் தொடங்கும். எங்கேனும் சிவந்த பொட்டுத் தென்பட்டால், எண்ணெய் தொட்ட துணியில் மென்மையான சாம்பல் வைத்து அந்த இடத்தை மட்டும் தேய்த்து, எண்ணெய்ப்பசை போகக் கழுவி, கெட்டித் தேநீரைத் தடவி உலரவிட்டு எண்ணெயிட்டுவிடலாம். மழைக்காலத்தில் மாத்திரம், உபயோகிக்காத கத்திகளைத் தோலுறையில் போட்டு வைக்கலாகாது. பதனிட்ட தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, அதிலுள்ள புளிப்பினால் அலகை மெல்ல அரிக்கும். எண்ணெய்த் துணியில் சுற்றி, அடுப்பங்கரையில் காற்றோட்டமுள்ள உலர்ந்த மாடத்தில் வைப்பதே சரி.