மகன் கையில் ஸ்பானர்!

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் தாய்மார் படும் பாடு இருக்கிறதே, அது பட்டவர்களுக்குத்தான் தெரியும்! “எத்தனை மார்க்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள், “என்ன குரூப்?” என்று அடுத்த கேள்வி வந்து நிற்கும். என் மகன் ஐந்நூறுக்கு 408 வாங்கியிருந்தான். முதல் கேள்விக்கு எல்லாரும் மலர்ந்தார்கள். அடுத்ததற்கு நான், “தொழிற்கல்வியில் ஆட்டோமொபைல்” என்றதும் அத்தனை முகங்களும் சுருங்கிவிட்டன.

“இவ்வளவு மார்க் வாங்கிட்டு கிரீஸ் பூசிக்கப் போறானா?”

நாங்கள் இருப்பது நாமக்கல் பக்கம். லாரிக்குப் பாடி கட்டுவதில் பேர் போன ஊர். நாலு லாரி வைத்திருப்பவர் கல்யாண வீட்டுக்கு வந்தால் முன்வரிசை நாற்காலி. அந்த லாரிக்கு அடியில் படுத்து அதை ஓட வைக்கிறவருக்கு? “அட, மெக்கானிக்கா!” என்பதோடு சரி. இந்த நியாயம் எனக்கு என்றைக்குமே புரிந்ததில்லை.

எல்லாரையும்விட என் அண்ணனுக்குத்தான் கோபம். தாய்மாமன் அல்லவா, உரிமை அதிகம்! “அம்மிணி, தனியார் பள்ளிக்கூடத்துல சயின்ஸ் குரூப்ல போடு. ரெண்டு வருசத்துப் பீஸையும் நான் கட்டறேன்” என்றார். பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அதன் பின்னால் இருக்கும் பாசத்தை எப்படி வேண்டாம் என்பது? “அவன் ஆசைப்பட்டுக் கேக்கறானுங்கண்ணா” என்றேன். காபியைத் தொடாமலே எழுந்து போய்விட்டார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் நான் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யவில்லை. என் கணவர், “நீயே போய்ப் பார்த்துட்டு வா” என்றார். பள்ளிக்கூடத்துப் பட்டறையைப் போய்ப் பார்த்தேன். குறுக்கே வெட்டிய இன்ஜின் ஒன்றை மேஜைமேல் வைத்திருந்தார்கள். சுவரில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் வடிவத்தை வரைந்து ஆணி அடித்திருந்தார்கள். எது இடத்தில் இல்லையோ அது பளிச்சென்று தெரியும். என் சமையலறையில்கூட அந்த ஒழுங்கு இல்லை!

முன்பெல்லாம் படிப்பு ஏறாத பையனைப் பட்டறையில் கொண்டுபோய் விடுவார்கள். அவன் டீ வாங்கி வந்து, திட்டு வாங்கி, பார்த்துப் பார்த்தே தொழில் பழகுவான். கை தேர்ந்துவிடும். ஆனால் “ஏன்?” என்று கேட்டால் தலையில் குட்டுதான் விழும். இன்று பதினாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பட்டறையில் வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். பள்ளியில் சொல்லித் தருவதோ அந்த “ஏன்” என்பதைத்தான்.

ஒருநாள் மகன் கேட்டான்: “அம்மா, சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்ப் அடிப்பக்கம் சுடுதே, ஏன்?” நான் விழித்தேன். “காத்தை அமுக்கினா சூடாகும். டீசல் இன்ஜின்ல அதை ரொம்ப அமுக்கறாங்க. அந்தச் சூட்டுலயே டீசல் பத்திக்கும். அதனாலதான் பெட்ரோல் வண்டியில இருக்கற ஸ்பார்க் பிளக் அதுல இல்லை!” என் அண்ணன் மகன் புத்தகத்தில் பாஸ்கல் விதி என்று படிப்பதை இவன் கார் பிரேக்கில் பார்க்கிறான். இது படிப்பில்லாமல் வேறென்ன?

தொழிலும் முன்போல இல்லை. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதி வந்த பிறகு, பெரும்பாலான புது மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் மின்னணுக் கருவி வந்துவிட்டது. காதால் கேட்டு ஸ்குரூவைத் திருகினால் போதாது; ஸ்கேனரைச் செருகிக் கோளாறைப் படிக்கத் தெரிய வேண்டும்.

பயமே இல்லையா என்று கேட்பீர்கள். பெற்ற வயிறாயிற்றே, இல்லாமல் இருக்குமா? அதனால் வாத்தியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிடக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். பாட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் தீக்குச்சி கூடாது. அதன் ஆசிட் கண்ணில் தெறித்தால் உடனே கால் மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, டாக்டரிடம் ஓட வேண்டும். பழைய பிரேக் தூசியை ஊதக் கூடாது; அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

மோதிரம், காப்பு, கழுத்துக் கயிறு எதுவும் கூடாது. உலோகம் பாட்டரியில் பட்டால் பொறி பறக்கும். கயிறு பெல்ட்டில் மாட்டினால் ஆளையே இழுக்கும். இதில்தான் என் மாமியாருக்கு வருத்தம். கோயிலில் கட்டிய கயிற்றைக் கழற்றுவதா? “பட்டறை நாளில் அது சாமி படத்திலேயே இருக்கட்டுங்க அத்தை, சாமி அங்கிருந்தே பார்த்துக்கும்” என்றேன். ஒருவழியாகச் சம்மதித்தார்.

கையைப் பெட்ரோலில் கழுவும் பழக்கம் வேண்டவே வேண்டாம். தோல் வறண்டு வெடிக்கும். தேங்காய் எண்ணெய் தேய்த்து, துணியால் துடைத்து, பிறகு சோப்புப் போட்டால் கிரீஸ் போய்விடும். பழைய இன்ஜின் ஆயில் நாள்கணக்கில் தோலில் ஊறினால் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய் விடலாம். அதனால் பட்டறைச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்கிறேன்.

“இதோடு படிப்பு முடிந்ததா?” என்பார்கள். இல்லை. தமிழகத்தில் 1978-ல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்வியும் கூடவே வந்தது. இதில் தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பொறியியல் கல்லூரியிலும் நேராக இரண்டாம் ஆண்டுதான். பள்ளியில் இந்தப் பிரிவு இல்லாத ஊர்களில், பத்தாவது தேறியவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட மோட்டார் மெக்கானிக் படிப்பு இருக்கிறது.

அண்ணன் இப்போது வருகிறார், போகிறார், காபியும் குடிக்கிறார். ஆனால் மருமகனின் படிப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்கும் நாள் வரும், காத்திருக்கிறேன்.

உங்கள் பிள்ளையும் இதைக் கேட்டால், மறுப்பதற்கு முன்னால் ஒருமுறை பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் கையால் தொட்டுச் செய்ய எத்தனை வண்டிகள் இருக்கின்றன, ஷூவும் கண்ணாடியும் தருகிறார்களா, முதலுதவிப் பெட்டி எங்கே என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் துணிந்து சேருங்கள். ஊர் முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் வண்டியும் ஒருநாள் பழுதாகாமலா போகும்?