கடைசியாகப் படித்த நாவல்

நுழையும்முன்

நாவல் என்னும் இலக்கிய வடிவம் தமிழுக்கு வந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சேறியது. அன்று தொடங்கிய பயணம் இன்று வரலாறு, அறிவியல், நிலம், உழைப்பு, உருவகக் கதை எனப் பல கிளைகளாக விரிந்துள்ளது. அக்கிளைகளுள் ஐந்தைத் தேடிச் சென்ற ஓர் ஆசிரியரின் வாசிப்பு அனுபவம் இது.

ஒரு கேள்வி

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டை அடுத்த ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். நாவல் இலக்கியத்தின் தோற்றமும் வளர்ச்சியும் என்னும் பாடத்தைப் பதினொன்றாம் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். நாவல்களின் பெயர்களையும் ஆசிரியர்களின் பெயர்களையும் கரும்பலகையில் இரண்டு வரிசையாக எழுதி முடித்தபோது, மூன்றாவது பெஞ்சில் இருந்த மாணவி எழுந்தாள். “ஐயா, நீங்கள் கடைசியாகப் படித்த நாவல் எது?” என்று கேட்டாள்.

அவள் குறும்பாகக் கேட்கவில்லை. அறியும் ஆவலில்தான் கேட்டாள். நான் ஒரு நாவலின் பெயரைச் சொன்னேன். அது முதுகலை படித்த காலத்தில் நான் படித்தது. இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. வினாத்தாள்களையும் விடைக்குறிப்புகளையும் சுற்றறிக்கைகளையும் தவிர வேறெதையும் முழுமையாகப் படிக்காத ஆண்டுகள் அவை. “கதை எப்படி இருக்கும் ஐயா?” என்று அடுத்து கேட்டாள். எனக்குக் கதை மறந்துபோயிருந்தது. மணி அடித்து என்னைக் காப்பாற்றியது.

அந்த வார இறுதியில் தருமபுரியில் உள்ள மாவட்ட மைய நூலகத்திற்குச் சென்றேன். மாதம் ஒரு நாவல், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன்.

கடல் கடந்த கதை

முதலில் எடுத்தது ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. 1972இல் வெளிவந்த இந்நாவல், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தென்கிழக்காசியாவில் வாழ்ந்த தமிழர்களைப் பற்றியது. கடல் கடந்து சென்று வட்டிக்கடைகளில் கணக்கெழுதிய இளைஞர்கள், ஜப்பானியப் படை நுழைந்ததும் திசைமாறும் வாழ்க்கை, இந்திய தேசிய இராணுவம், நடுக்கடலில் புயலில் சிக்கும் தோணி என்று கதை விரைகிறது. தலைமை மாந்தனாகிய பாண்டியன் மேடான் நகரத்துத் தெருவில் நடந்துகொண்டே மதுரையின் தெருக்களை நினைக்கிறான். கால்கள் ஒரு நாட்டிலும் மனம் வேறொரு நாட்டிலும் நடக்கின்றன.

முதல் ஐம்பது பக்கங்கள் எனக்குக் கடினமாக இருந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெயர்களும் ஊர்களும் குழப்பின. இரண்டு முறை நூலை மூடி வைத்தேன். பாடநூல் வாசிப்பு என்னை அவசரக்காரனாக ஆக்கியிருந்தது. எந்தப் பத்தியிலும் ஐந்து மதிப்பெண் வினாவைத் தேடும் கண்ணாக என் கண் மாறிப்போயிருந்தது. நாவல் அவ்வாறு படிக்கப்படுவதற்கு உரியதன்று. அதன் வேகத்திற்கு நாம் உடன்பட வேண்டும். அதைக் கற்றுக்கொள்ளவே அந்த மாதம் முழுதும் ஆயிற்று. சிங்காரம் எழுதியவை இரண்டே நாவல்கள். நூல்களின் எண்ணிக்கையைக் கொண்டு ஓர் எழுத்தாளரை அளக்கும் வழக்கத்தையும் அம்மாதம் கைவிட்டேன்.

வந்து சேர்ந்த எதிர்காலம்

அடுத்து, சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, வாரம் ஒருமுறை அண்டை வீட்டுத் திண்ணையில் காத்திருந்து படித்த கதை இது. 2020களை எதிர்காலமாகக் கற்பனை செய்த அறிவியல் புனைகதை. மனிதர்களின் பெயர் எத்தனை எழுத்தில் இருக்கவேண்டும், யார் குழந்தை பெறலாம் என்பவற்றையெல்லாம் அரசே முடிவுசெய்யும் நாட்டில், ஜீனோ என்னும் இயந்திர நாய்க்குட்டி நூல்களைப் படித்துப் படித்துத் தானே சிந்திக்கத் தொடங்குகிறது.

சிறுவயதில் படித்தபோது ஜீனோவின் பேச்சு சிரிப்பூட்டியது. இப்போது படித்தபோது சற்று அச்சமூட்டியது. ஆசிரியர் கற்பனை செய்த ஆண்டுகளைக் கடந்து நாம் வந்துவிட்டோம். கேள்வி கேட்டால் விடை சொல்லும் இயந்திரம் இன்று என் மாணவர்களின் சட்டைப்பையில் இருக்கிறது. ஆனால், அந்நாவலில் மனிதர்கள் சிந்திக்க மறந்த நாட்டில் பொம்மையாகச் செய்யப்பட்ட ஒன்று படித்துப் படித்துச் சிந்திக்கிறது. நான் படிப்பதை நிறுத்தியிருந்த முப்பது ஆண்டுகளை அந்த நாய்க்குட்டி எனக்கு நினைவூட்டியது. ஒரே நூலை வெவ்வேறு வயதில் படிக்கும்போது நூல் மாறுவதில்லை, படிப்பவரே மாறியிருக்கிறார்.

நீரும் நிலமும்

மூன்றாவது, சோ. தர்மனின் ‘சூல்’. 2016இல் வெளிவந்து, 2019ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கோவில்பட்டிப் பக்கத்து உருளைக்குடி என்னும் சிற்றூரின் கண்மாயே இந்நாவலின் உயிர். நிறைந்த கண்மாயைச் சூல்கொண்ட தாயாகக் காண்கிறது தலைப்பு. கண்மாயைத் தூர்வாரி, வண்டல் மண்ணை வயலுக்கு அடித்து, மடையைத் திறக்கும் நீர்ப்பாய்ச்சியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்த ஓர் ஊர், அந்தப் பொறுப்பைத் தன் கையிலிருந்து நழுவவிட்டபின் எப்படி வறண்டது என்பதை ஆசிரியர் சொல்கிறார்.

தெற்கத்தியர் கண்மாய் என்பதை நாங்கள் ஏரி என்போம். பெயர்தான் வேறு. மழையை நம்பி ராகியும் சாமையும் விதைக்கும் மாவட்டம் எங்களுடையது. ஏரி வற்றியதும் ஆழ்துளைக் கிணறு தோண்டினோம். ஆழத்திலிருந்து நீரோடு புளூரைடும் வந்தது. பற்களில் பழுப்புக் கறை படிந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இன்று ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியே காவிரி நீர் எங்கள் ஊர்க் குழாயில் வருகிறது. என் மாணவர்கள் வாய் விட்டுச் சிரிக்கிறார்கள். நான் அந்த வயதில் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தேன். ‘சூல்’ படித்த பிறகுதான் என் பல்லில் இருக்கும் கறைக்கும் எங்கள் ஏரிக்கும் உள்ள தொடர்பை ஒரே கதையாகக் காண முடிந்தது.

ஆட்டுக்குட்டியின் கதை

நான்காவது, பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’. 2016இல் வெளிவந்தது. எங்கிருந்தோ வந்த ஒருவன் கொடுத்துச் சென்ற கருநிறக் குட்டியை வளர்க்கும் கிழவனும் கிழவியும், ஆடுகளையும் காதுகுத்திப் பதிவுசெய்யச் சொல்லும் அரசாங்கமும் கதையில் வருகின்றனர். விலங்கைச் சொல்லி மனிதரைச் சொல்லும் உருவக நாவல்.

இதை நான் என் தாய்க்குப் படித்துக் காட்டினேன். எண்பது வயதைக் கடந்த அவர் எழுத்தறியாதவர். வாழ்நாளெல்லாம் ஆடு மேய்த்தவர். இலக்கிய நயம் பற்றி நான் சொன்னவை எவையும் அவரைத் தொடவில்லை. பஞ்சக்காலம் வரும் பகுதியை அடைந்தபோது, “போதும், நிறுத்து” என்றார். சிறிது நேரம் கழித்து, “அந்தக் கிழவி குட்டிய வித்துட்டாளா?” என்று கேட்டார். விற்றோமா, வைத்துக்கொண்டோமா என்று அவர் தம் வாழ்வில் எத்தனை முறை தவித்திருப்பார் என்பதை அந்த ஒரு கேள்வியில் அறிந்தேன். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உடன் வாழ்ந்தும் அதை நான் அவரிடம் கேட்டதில்லை.

முன்பணம்

ஐந்தாவது நாவலைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன். அது பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்தது. தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர் அவர். இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் தமிழாக்கினார். வெள்ளையர் காலத்தில் திருநெல்வேலிச் சீமையின் சிற்றூரிலிருந்து, மேஸ்திரி கொடுத்த முன்பணத்தை நம்பி ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்திற்குச் செல்லும் கருப்பன், வள்ளி என்னும் இணையரின் கதை. குளிரும் அட்டையும் காய்ச்சலும் ஒருபுறம். எவ்வளவு உழைத்தாலும் கழியாத முன்பணக் கணக்கு மறுபுறம்.

கேள்வி கேட்ட அந்த மாணவி, மாதந்தோறும் நான் படிக்கும் நாவலை விசாரித்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலை செய்பவர்கள். அவள் பாட்டியுடன் ஊரில் இருந்து படித்தாள். எங்கள் பள்ளியில் இது புதிதன்று. பாலக்கோடு, இராயக்கோட்டை, ஓசூர் வழியாகச் செல்லும் தொடர்வண்டி எங்கள் ஊர்களின் தாய் தந்தையரை ஏற்றிச் செல்வதை நாள்தோறும் காண்கிறோம். கோடை விடுமுறைக்கு முன், நூலகத்திலிருந்து என் பெயரில் எடுத்த ‘எரியும் பனிக்காடு’ நூலை அவளிடம் கொடுத்தேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே இரண்டு வாரங்கள் வெற்றிடமாகவே இருந்தன. வீட்டிற்குச் சென்றேன். பூட்டிய கதவுக்கு வெளியே பாட்டி மட்டும் புளி தட்டிக்கொண்டிருந்தார். தொலைபேசியில் அவளுடைய தந்தையிடம் பேசினேன். மரியாதையான மனிதர். “அட்வான்ஸ் கழியட்டும் சார். இந்த ஒரு வருசம் புள்ள கூட வேலை செஞ்சா கழிஞ்சிரும். அடுத்த வருசம் கண்டிப்பா அனுப்பறேன்” என்றார்.

ஓராண்டுக்கு முன்பாக இருந்தால் அந்தச் சொல்லை நம்பி, “சரிங்க” என்று தொலைபேசியை வைத்திருப்பேன். அப்படி வைத்தும் இருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. ஆனால், அன்று அந்தச் சொற்றொடரை நான் முன்பே கேட்டிருந்தேன். கருப்பனும் வள்ளியும் அப்படித்தான் எண்ணினார்கள். அடுத்த ஆண்டு கழிந்துவிடும் என்று நம்பித்தான் அவர்கள் ஒவ்வோர் ஆண்டையும் கழித்தார்கள். அந்தத் தந்தை பொய் சொல்லவில்லை. கணக்கு அவரிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியரிடம் கூறினேன். நாங்கள் மூவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்குச் சென்றோம். தகரக் கொட்டகையின் முன் அமர்ந்து நெடுநேரம் பேசினோம். முதல் பயணத்தில் பயனில்லை. இரண்டாவது பயணத்தில், மகளைப் படிக்க அனுப்புவதாக அவர் ஒப்புக்கொண்டார். ஆகஸ்ட் மாதத்தின் நடுவில் அவள் வகுப்பிற்கு வந்தாள். கைகள் காய்த்திருந்தன. விட்டுப்போன பாடங்களை மாலை வேளைகளில் எழுதி முடித்தாள். கடன் இன்னும் தீரவில்லை. அவளுடைய தாயும் தந்தையும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரு நாவல் உலகத்தை மாற்றிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு சொற்றொடரைச் சரியாகக் கேட்க அது என் செவியைப் பழக்கியிருந்தது. அவ்வளவே.

முதல் நாளே நூலைத் திருப்பிக் கொடுத்தாள். அட்டையில் சிமெண்டுத் தூள் படிந்திருந்தது. கடைசியில் இருந்த வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். தந்தை வாங்கிய முன்பணம், வாரந்தோறும் பிடித்த தொகை, மருத்துவச் செலவுக்காக மீண்டும் வாங்கிய தொகை, மீதி. மீதி, முதலில் வாங்கியதைவிடக் கூடுதலாக இருந்தது. அதன் கீழே இரண்டு கோடுகள் இழுத்திருந்தாள்.

நூலகப் புத்தகத்தில் எதையும் எழுதக் கூடாது என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்பவன் நான். அந்தக் கணக்கை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. தாமதக் கட்டணத்தைச் செலுத்தி, புதிய படி ஒன்றை வாங்கி நூலகத்திற்குக் கொடுத்துவிட்டு, அந்தப் படியை நானே வைத்துக்கொண்டேன். நாவல் இலக்கியம் பற்றிய பாடத்தை இப்போது கரும்பலகையில் பெயர்கள் எழுதித் தொடங்குவதில்லை. அந்த நூலை மேசையின் மேல் வைத்துவிட்டு, “நீங்கள் கடைசியாகப் படித்த கதை எது?” என்று கேட்டுத் தொடங்குகிறேன்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் நீர்நிலை, தொழில், இடப்பெயர்வு ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றி முதியவர் ஒருவரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. நீங்கள் படித்த கதை ஒன்று, உங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் புதிதாகப் புரிந்துகொள்ள உதவியதா? வகுப்பறையில் கலந்துரையாடுக.