நீலம் ஏறினால் இரும்பு செத்துவிடுமா?

மன்னார்குடிப் பக்கம் கருக்கரிவாளைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. அறுவடை மெஷின் வயலில் இறங்கிவிட்டாலும், வரப்போரம் சாய்ந்த கதிருக்கும் மாட்டுப் புல்லுக்கும் இன்னும் அதுதான். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ மாணவன். லேத்தில் நான் மாட்டுவது ஹெச்.எஸ்.எஸ். டூல், அதாவது அதிவேக எஃகு. இரண்டும் வெட்டும் இரும்புதான். ஆனால் இரண்டையும் பக்குவப்படுத்தும் முறை நேர் எதிர். அது ஏன் என்று பார்ப்போமா?

முதலில் அரிவாள். எங்கள் பக்கத்துக் கொல்லுப் பட்டறைப் பெரியவர் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, அடித்து, தோய்ச்சல் கொடுப்பார். பிறகு லேசாகச் சூடேற்றி நிறம் பார்ப்பார். வைக்கோல் நிறம் என்றால் சுமார் 230 டிகிரி செல்சியஸ். அங்கே நிறுத்திவிட வேண்டும். நீலம் என்றால் சுமார் 300. "நீலம் ஏறிட்டா வாய் செத்துப்போச்சு தம்பி. திரும்ப உலைக்குத்தான் போகணும்" என்பார். தெர்மாமீட்டர் கிடையாது. கண்தான் எல்லாம்!

கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் எனக்குக் குழப்பம் வந்தது. கிரைண்டரில் டூல் பிடிக்கும்போது முனை நீலமாகிவிட்டது. சாரோ, "ஹெச்.எஸ்.எஸ். தானே, ஒன்றும் ஆகாது" என்று போய்விட்டார். அப்படியானால் பெரியவர் சொன்னது தப்பா?

தப்பில்லை. சாதாரண கார்பன் எஃகு 200, 250 டிகிரியைத் தாண்டினாலே கடினத்தை இழக்கத் தொடங்கும். அதிவேக எஃகு சுமார் 600 டிகிரி வரை தாங்கும். எம்2 என்ற ரகத்தில் டங்ஸ்டன் 6, மாலிப்டினம் 5, குரோமியம் 4, வனேடியம் 2 சதவீதம் அளவில் இருக்கிறது. இவை கார்பனோடு சேர்ந்து மிகக் கடினமான கார்பைடு துகள்களாகின்றன. அந்தத் துகள்கள் சூட்டில் எளிதில் கரைவதில்லை.

இதன் கதையும் சுவையானது. 1868-ல் இங்கிலாந்தில் ராபர்ட் முஷெட், காற்றில் ஆறினாலே கடினமாகும் டங்ஸ்டன் எஃகைச் செய்தார். அளவுக்கு மேல் காய்ச்சினால் எஃகு கெட்டுப்போகும் என்பதே அந்நாளைய கொல்லர்களின் பாடம். அமெரிக்காவில் பெத்லஹேம் ஸ்டீல் ஆலையில் டெய்லரும் ஒயிட்டும் அந்த வகை எஃகை அதையும் தாண்டி, உருகுநிலையை நெருங்கும் வரை காய்ச்சிப் பார்த்தார்கள். டூல் கெடவில்லை, பிரமாதமாக வெட்டியது! 1900 பாரிஸ் கண்காட்சியில் முனை சிவந்த நிலையிலேயே அது இரும்பைக் கடைந்ததைப் பார்த்து எல்லோரும் அசந்துபோனார்கள்.

இன்றைய முறையும் அதுதான். எம்2 எஃகை 800, 850 டிகிரியில் முன்சூடு செய்து, பிறகு சுமார் 1,200 டிகிரிக்கு ஏற்றிச் சில நிமிடமே வைக்கிறார்கள். ஆறவைப்பது எண்ணெயில், உப்புக் குளியலில் அல்லது காற்றில். அடுத்து 550 டிகிரி அளவில் டெம்பரிங், அதுவும் இரண்டு மூன்று தடவை. முதல் தடவை ஆறும்போது புதிதாக உருவாகும் கடினப் பகுதி நொறுங்கும் தன்மையோடு இருக்கும். அதைப் பதப்படுத்த அடுத்த தடவை வேண்டும். கொல்லுலையில் இதைச் செய்ய முடியாது.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானா? இல்லை. தை மாதம் சம்பா அறுவடை நடக்கும்போது மெஷினில் ஒரு போல்ட் உடைந்து உள்ளே நின்றுவிட்டது என்று வையுங்கள். டிரில் பிட் போட்டுத்தான் அதை எடுக்க வேண்டும். பிட் மழுங்கினால் பட்டறைப் பையன் கிரைண்டரில் பிடித்து, சுடச்சுடத் தண்ணீரில் முக்குவான். கார்பன் எஃகுக்கு அவன் கற்ற பழக்கம் அது. அதிவேக எஃகிலோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், வெட்டும் விளிம்பு பொரிந்துவிடும். மழை வருவதற்குள் கதிர் வீடு சேர வேண்டிய நேரத்தில் மெஷின் வயலில் நிற்கும்.

கையில் இருப்பது எந்த எஃகு என்று எப்படித் தெரிந்துகொள்வது? கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். பொறி வெள்ளையாகப் பூப்பூவாக வெடித்தால் கார்பன் எஃகு. அதற்குப் பெரியவர் சொன்னதே சட்டம். நீலம் ஏற விடாதீர்கள். பொறி மங்கலான சிவப்பில், அதிகம் வெடிக்காமல் குட்டையாக விழுந்தால் அதிவேக எஃகு. அப்போது நிதானமாகப் பிடியுங்கள், தானாக ஆற விடுங்கள். இங்கேயும் கண்தான் வேண்டியிருக்கிறது, பார்த்தீர்களா!