நடை சாத்திய பொழுதில் ஒரு படகு

மலைநாட்டுத் திருப்பதிகள் 13. அவற்றுள் திருச்செங்குன்றூர், திருப்புலியூர், திருவாறன்விளை, திருவண்வண்டூர், திருக்கடித்தானம் ஆகிய ஐந்தும் பாண்டவர் ஐவரோடு தொடர்புடையவை என்பது மரபு. செங்கன்னூர், சங்கனாசேரி வட்டாரத்தில் இவை அருகருகே அமைந்துள்ளன. விடியலில் புறப்பட்டால் ஐந்தையும் ஒரே நாளில் சேவித்துவிடலாம் என்று யாத்திரை வண்டிக்காரர்கள் சொல்வார்கள்.

ஆனால் அது கால் வலுவுள்ளவர்களுக்கு. என் மனையாளுக்கு வயது 68. முழங்கால் சிகிச்சைக்குப் பின் நெடுநேரம் வண்டியில் அமர இயலாது; படி ஏறினால் நின்று நின்றுதான் ஏற வேண்டும். பிள்ளைகளோ, "ஆலப்புழையில் படகு வீடு எடுத்துத் தருகிறோம். இரண்டு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வாருங்கள்" என்றார்கள். அவளுக்கு மனம் ஒப்பவில்லை. "ஆழ்வார் பாடிய பெருமான் அங்கே நின்றுகொண்டிருக்க, நாம் உல்லாசப் படகில் போவதா?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. யாத்திரையா, ஓய்வா என்று பல நாள் யோசித்தோம்.

வழி காட்டியது கேரளக் கோயில்களின் நித்திய முறையே. அங்கே உச்சி பூஜை முடிந்ததும் நடை சாத்தப்படும். மாலை ஐந்து மணியளவில்தான் மீண்டும் திறக்கும். அந்த ஐந்து மணி நேரத்தைப் பெரும்பாலோர் வெயிலிலும் வண்டியிலும் கழித்துக் களைத்துப்போகிறோம். எம்பெருமானே இளைப்பாறும் பொழுதில் அடியார் இளைப்பாறினால் குறை என்ன? படகுக்குரிய நேரம் அதுவே என்று முடிவு செய்தோம்.

மேலும், அந்த நாட்டில் பெருமானும் படகேறியவன்தான். அம்பலப்புழைக் கண்ணனின் திருமேனி குறிச்சியிலிருந்து நீர்வழியாகக் கொண்டுவரப்பட்டபோது, வழியில் சம்பக்குளத்தில் தங்கியது என்பர். அந்நாளை நினைவுகூர்ந்தே மிதுன மாத மூல நட்சத்திரத்தில் அங்கே வள்ளப் போட்டி நடக்கிறது. திருவாறன்விளையாகிய ஆறன்முளாவின் பெயர்க் காரணமும் அத்தகையதே. மலையாளத்தில் 'முள' என்றால் மூங்கில். ஆறு மூங்கில்களாலான தெப்பத்தில் பார்த்தசாரதி அங்கே எழுந்தருளியதாகத் தலவரலாறு. ஆவணித் திருவோணத்தன்று விருந்துக்கான பொருள்கள் காட்டூரிலிருந்து திருவோணத் தோணியில் இன்றும் வருகின்றன. அக்கோயிலைத் தொட்டுச் செல்லும் பம்பைதான் குட்டநாட்டு வயல்களூடே ஓடி வேம்பநாட்டுக் காயலில் கலக்கிறது. அந்தக் காயலில் படகேறுவதும் யாத்திரையின் ஒரு பகுதி என்றதும் அவள் முகம் தெளிந்தது.

எங்கள் திட்டம் எளியது. முதல் நாள் காலை அம்பலப்புழை. கையில் சாட்டை ஏந்திய கண்ணனைச் சேவித்து, பாலும் அரிசியும் சர்க்கரையும் சேர்ந்த அந்தப் புகழ்பெற்ற பால்பாயசத்தைப் பெற்றுக்கொள்வோம். அங்கிருந்து ஆலப்புழை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். பிற்பகல் படகு. மாலையில் தங்குமிடத்திலேயே திருவாய்மொழி சேவிப்போம். மறுநாள் ஆறன்முளா மட்டும். கிழக்கு வாசலில் 18 படிகள் உண்டு, அவசரமின்றி ஏறுவோம்.

முதியோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஆனி முதல் புரட்டாசி வரை மழை மிகுதி. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை அன்பர்களால் செங்கன்னூர் நிரம்பி வழியும். ஆதலால் மகர விளக்குக்குப் பிந்தைய நாட்களைத் தேர்ந்தோம். படகில் மாடி வேண்டா. ஒரே தளமும், சாய்ந்துகொள்ளக் கட்டிலும், பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருத்தல் நலம். கரையிலிருந்து ஏறும் பலகையை முன்னதாகவே கேட்டறிய வேண்டும். படகுச் சமையலில் மீன் வழக்கம் என்பதால், நாங்கள் புளியோதரையும் தயிர்சாதமும் கையோடு கொண்டுபோகிறோம். ஆண்கள் வேட்டி உடுத்து, மேலாடை களைந்தே கோயிலுக்குள் செல்ல வேண்டும். செலவைச் சுருக்க விரும்புவோருக்கு அரசுப் படகு உண்டு. ஆலப்புழையிலிருந்து கோட்டயம் வரை சுமார் இரண்டரை மணி நேரம், கட்டணமும் குறைவு.

படகு வீடுகளாக மாறியுள்ள கெட்டுவள்ளங்கள் முன்பு நெல் சுமந்தவை. ஆணியின்றித் தேங்காய் நார்க் கயிற்றால் பலகைகளைச் சேர்த்துக் கட்டியவை. அவற்றில் அமர்ந்து பார்த்தால் வயல்கள் நீர்மட்டத்துக்குக் கீழே தெரியும். கரையை உயர்த்திக் கட்டித் தலைமுறை தலைமுறையாக உழுது வருகிறார்கள்.

இத்திட்டத்தில் ஐந்து தலங்களில் நான்கு விடுபடுகின்றன. அவற்றை இனிச் சேவிப்போமா என்பது அவன் திருவுள்ளம். இதை அவளிடம் தயங்கித்தான் சொன்னேன். "ஐந்து இடத்தில் ஓடி ஓடிப் பார்த்து, ஐந்தையும் கலந்து நினைப்பானேன்? ஓரிடத்தில் கண் குளிர நின்றால் போதும். மற்ற நால்வரையும் இருந்த இடத்திலிருந்தே சேவிக்கிறேன்" என்றாள்.

கால் வலிக்கிறதென்று யாத்திரையையே கைவிட்ட அன்பர்கள் நம்மில் பலர். எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள், பயணத்தைக் கைவிடாதீர்கள். நடை சாத்தும்போது இளைப்பாறி, நடை திறக்கும்போது எதிரே நிற்க முடிந்தால், அந்த ஒரு சேவையே நிறைவானது.