உணர்தலும் அறிதலும்

நோயாளியின் மூச்சை முகர்ந்து நோயறிதல் மருத்துவத்தின் பழைய வழக்கங்களுள் ஒன்று. இன்சுலின் குறைவினால் உடல் கொழுப்பை மிகையாக எரிக்கும்போது, நீரிழிவாளரின் மூச்சில் கனிந்த பழத்தை ஒத்த மணமொன்று எழும். அது அசற்றோனின் மணம். மயக்கமுற்றவரின் நோயை வைத்தியருக்கு உணர்த்துவதும் அதுவே. ஆயின், மணம் புலப்படும் வேளையில் நோய் முற்றியிருக்கும். அம்மணத்தை உணரவியலா மூக்குகளும் உள.

மூக்குக்கு எட்டாததை உலோக ஒட்சைட்டு உணருமா? 1962ஆம் ஆண்டில் யப்பானியரான செய்யாமா நாகவொட்சைட்டுப் படலத்தினால் வாயுக்களை உணரலாமெனக் காட்டினார். அவ்வாண்டிலேயே தகுச்சி வெள்ளீயவொட்சைட்டு உணரிக்குக் காப்புரிமை கோரினார். வீடுகளில் எரிவாயுக் கசிவை அறிவிக்கப் பயன்பட்ட அவ்வுணரியின் தத்துவம் எளியது. சூடாக்கிய ஒட்சைட்டின் மேற்பரப்பில் காற்றின் ஒட்சிசன் படிந்து இலத்திரன்களைக் கவர, மின்தடை உயர்கிறது. அசற்றோன் போன்ற வாயு அவ்வொட்சிசனோடு தாக்கமுற, இலத்திரன்கள் மீள்கின்றன, தடை தாழ்கிறது. துணிக்கை சிறுக்கச் சிறுக்க அதன் உடல் முழுவதுமே மேற்பரப்பின் ஆட்சிக்குட்படும். வெள்ளீயவொட்சைட்டின் துணிக்கைகள் ஏறத்தாழ 6 நனோமீற்றரிலும் சிறுத்தால் உணர்திறன் பெருகுமென 1991இல் யமசோயேயும் அவர்தம் குழுவினரும் நிறுவினர்.

ஆனால், நுண்ணுணர்வே இங்கு இடருமாகின்றது. மூச்சில் ஏறத்தாழ 250 சேர்வைகள் உளவென 1971இல் லைனஸ் போலிங் காட்டினார். அவற்றுள் பல, அசற்றோனைப் போன்றே தடையைத் தாழ்த்த வல்லன. மூச்சின் நீராவியோ அசற்றோனிலும் பன்மடங்கு மிகுதியாயிருந்து உணரியை மயக்கும். 2010இல் சூரிச் நகர ஆய்வாளர், சிலிக்கன் கலந்த தங்குதனொட்சைட்டைக் கொண்டு, ஈரக்காற்றிலும் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைந்த அசற்றோனைப் பிரித்துணர்ந்தனர். இது அரிய சாதனையே.

எனினும் வினா முடிந்ததன்று. நோன்பிருப்பவரின் மூச்சிலும் அசற்றோன் உயரும். பசித்தவரையும் பிணியுற்றவரையும் உணரி வேறுபடுத்தாது. அது சொல்வது ஓர் எண்ணையே. நாடோறும் விரலைக் குத்திக் குருதி பார்க்கும் நோயாளிக்கு, ஊதினால் போதுமென்னும் வாக்குறுதி இனியது. ஆனால் அவ்வெண்ணை மட்டும் நம்பி அவர் இன்சுலினின் அளவை மாற்றுவாராயின், பிழைக்கு விலை உயிராகலாம். முற்கால வைத்தியர் மூச்சை முகர்ந்ததோடு அமையவில்லை. எப்போது உண்டாய் எனவும் வினவினார். உணர்தலை ஒட்சைட்டிடம் ஒப்படைக்கலாம். அவ்வினாவை ஒப்படைத்தல் இயலாது.