கடல் கடந்த மடல்: ஆர்.சி.யில் ஏறாத சக்கரம்

செகண்ட் ஹேண்டில் ஒரு சொகுசு கூபேயை வாங்கி, வார நாளில் வேலைக்கும் விடுமுறையில் ரேஸ் டிராக்குக்கும் ஓட்டும்படி மாற்றுவது ஜெர்மனியில் ஏறக்குறையக் குடிசைத் தொழில். இதற்குப் பலரும் தேடும் வண்டிகளில் ஒன்று பி.எம்.டபிள்யூ. 335ஐ கூபே. 2006-இல் வந்த இந்த இரண்டு கதவு வண்டியில் 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ இன்ஜின். 306 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. எடை சுமார் 1,600 கிலோ. அன்று டாக்டரும் வக்கீலும் ஓட்டியது, இன்று மூன்றாவது நான்காவது கைக்கு வந்து, புதிய சிறிய கார் ஒன்றின் விலைக்கும் கீழே கிடைக்கிறது. ஷ்டுட்கார்ட் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் நம் பிள்ளைகளும் இதில் இறங்குகிறார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் பஸ் ஏறும் தென்னேரி, வாலாஜாபாத் பக்கத்துப் பையனுக்குக் காரின் உள்பாகங்கள் புதிதல்ல. அந்தப் பாகங்களுக்காக இங்கே கேட்கும் காகிதம்தான் புதிது.

இந்த வாரம் அப்படி ஒரு கூபேயை ஒரு சோதனை நிலையம் திருப்பி அனுப்பிவிட்டது. தாழ்த்திய ஸ்பிரிங்குக்குச் சான்றிதழ் இருந்தது. அகலச் சக்கரத்துக்கும் இருந்தது. இரண்டும் ஒரே வண்டியில் சேர்ந்து இருக்கலாம் என்பதற்கு மட்டும் சான்றிதழ் இல்லை. இதைக் கேட்கும் விதிக்கு அப்புறம் வருவோம். அதற்கு முன் வேலையின் வரிசை. பெரும்பாலோர் பணத்தைக் கரைப்பது இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துதான்.

முதலில் வண்டியைப் பழையபடி ஆக்க வேண்டும். 335ஐ-யின் முதல் இன்ஜினுக்குச் சில பிறவிக் கோளாறுகள் உண்டு. அதன் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. பெல்ட் சத்தமோ கசிவோ காட்டாமல் ஒரு நாள் நின்றுவிடும். உயர் அழுத்த எரிபொருள் பம்ப் பலருக்கும் தொல்லை கொடுத்தது. பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால், உள்ளிழுக்கும் வால்வுகளைக் கழுவிவிட எதுவும் இல்லாமல் கரி கட்டியாகப் படிகிறது. அதை எடுக்கும் முறை அழகானது. வால்நட் ஓட்டைக் குருணையாக அரைத்து, அழுத்தக் காற்றோடு வால்வின் மேல் அடிப்பார்கள். கரி உதிரும், உலோகத்தில் கீறல் விழாது. ஆயில் ஃபில்டர் தாங்கியின் கேஸ்கெட், வால்வு மூடியின் கேஸ்கெட் இரண்டும் வயதானால் கசியும். இவற்றை முடிக்காமல் டிராக்குக்குப் போகக் கூடாது. அங்கே ஆயில் அதிகம் சூடேறினால் கம்ப்யூட்டர் இன்ஜின் சக்தியைத் தானாகக் குறைத்துவிடும்.

அடுத்தது பிரேக். குதிரைத்திறனுக்குக் காசை எண்ணிவிட்டுப் பிரேக்கை மறப்பவர்கள் இங்கும் உண்டு, அங்கும் உண்டு. 1,600 கிலோ வண்டி 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80-க்கு இறங்கும்போது சுமார் 20 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. ஆறு லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்க அது போதும். சில விநாடிக்குள், நான்கு டிஸ்க்கில், ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை இது நடக்கிறது. சாதாரண டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழசானபின் அந்த விதி கேட்பது 155 டிகிரிதான். உள்ளே ஆவிக் குமிழி உண்டானால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. ஆகவே முதல் செலவு புதிய ஆயில், இரண்டாவது செலவு அதிக வெப்பம் தாங்கும் பிரேக் பேடு. இங்கேயும் காகிதம் குறுக்கே வருகிறது. சாலையில் ஓடும் பேடுக்கு ஐ.நா. ஒழுங்குமுறை 90-இன் முத்திரை வேண்டும். பந்தய பேடுகள் பலவற்றில் அது இருக்காது. எனவே டிராக் வாசலில் பேடு மாற்றி, திரும்பும்போது பழையதை மாட்டுகிறார்கள். ஓட்டம் முடித்து நிறுத்துகையில் ஹேண்ட் பிரேக்கை இழுப்பதில்லை. சூடான டிஸ்க்கை ஓரிடத்தில் அழுத்திப் பிடித்தால் கெட்டுவிடும் என்று கியரில் விட்டு, சக்கரத்துக்கு அடியில் கட்டை வைக்கிறார்கள்.

டயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து வருவது காற்று போனாலும் ஓடும் கனமான டயரோடு. அதைக் கழற்றிவிட்டு நல்ல சாதாரண டயர் போட்டாலே ஸ்டீயரிங் பேச ஆரம்பிக்கும்.

சஸ்பென்ஷனில் எல்லோரும் செய்யும் தந்திரம், அதே குடும்பத்து எம்3 வண்டியின் முன் ஆர்ம்களை மாட்டுவது. முன் சக்கரத்தின் தலை சற்று உள்ளே சாயும். வளைவில் டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்வது குறையும். அதன்பின் பில்ஷ்டைன், கே.டபிள்யூ., ஐபாக் போன்றவர்களின் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும். சாலைக்கும் டிராக்குக்கும் ஒரே அமைப்பு ஒத்துவராது. டிராக்குக்குக் கடினமாக முறுக்கிய வண்டி ஊர்ச் சாலையின் சிறு மேட்டிலும் துள்ளும், துள்ளும் டயருக்குப் பிடிப்பு இல்லை. திருகி மாற்றக்கூடிய ஷாக் அப்சார்பருக்குக் கொடுக்கும் காசு இதற்குத்தான்.

இனி அந்த விதி. ஜெர்மனியின் வாகன அனுமதி விதிகளில் 19-ஆவது பிரிவு சொல்வது இது. ஒரு மாற்றத்தால் வண்டியின் வகை மாறினாலோ, சாலையில் போகிறவருக்கு ஆபத்து எதிர்பார்க்கப்பட்டாலோ, புகையோ சத்தமோ மோசமானாலோ, வண்டியின் இயக்க அனுமதி தானாகவே செத்துவிடும். யாரும் ரத்து செய்ய வேண்டாம். நட்டு முறுக்கிய நிமிஷத்திலேயே போய்விடும். இதற்கு மூன்று மாற்றுவழிகள். பாகத்துக்குப் பொது அனுமதி இருந்தால், அதன் நிபந்தனைகளுக்குள் இருக்கும்வரை தாளை வண்டியில் வைத்திருந்தால் போதும். பாகத்துக்கு நிபுணர் அறிக்கை மட்டும் இருந்தால், மாட்டியவுடன் டூஃப், டெக்ரா போன்ற அமைப்புகளின் சோதகரிடம் காட்டிச் சான்று பெற வேண்டும். எதுவுமே இல்லையென்றால் 21-ஆவது பிரிவின் கீழ் தனிச் சோதனை. காசும் காலமும் பிடிக்கும். கடைசியில் மாற்றம் வண்டியின் பதிவுத் தாளில், நம் ஆர்.சி. புக்குக்குச் சமமானதில், வரி வரியாக ஏறும்.

சிக்கல் அந்த முதல் வழியின் நிபந்தனையில் ஒளிந்திருக்கிறது. சக்கரத்தின் பொது அனுமதி பெரும்பாலும், மற்றபடி மாற்றமில்லாத வண்டி என்று எண்ணி எழுதப்பட்டது. ஸ்பிரிங் தாழ்ந்துவிட்டால் அந்த எண்ணம் பொய்யாகி, தாளுக்கு மதிப்பில்லாமல் போகிறது. காஞ்சிபுரத்தில் பட்டை வேறாகவும் ஜரிகையை வேறாகவும் சோதிப்போம், இரண்டும் தேறினால் புடவை தேறிவிட்டது. இங்கே தறியிலிருந்து இறங்கிய புடவையை மறுபடி விரித்துப் பார்க்கிறார்கள். சோதகர் முன் சக்கரம் ஒன்றையும் குறுக்கெதிரே பின் சக்கரம் ஒன்றையும் மேட்டில் ஏற்றி, வண்டியை முறுக்கி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்து, டயர் ஃபெண்டரில் உரசுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். தாழ்ந்த வண்டியின் ஹெட்லைட் கோணத்தையும் பார்ப்பார். இவ்வளவையும் நம் மெக்கானிக் உள்ளங்கையைச் சக்கர வளைவுக்குள் நுழைத்தே சொல்லிவிடுவார் என்று முணுமுணுக்கத் தோன்றும். சொல்லிவிடுவார்தான். ஆனால் வண்டி ஐந்தாவது கைக்குப் போகும்போது, வாங்குகிறவர் கையில் இருக்கப்போவது அந்த உள்ளங்கை இல்லை, பதிவுத் தாள்தான்.

விதியில் இவ்வளவு கறாராக இருக்கும் நாடு, நூர்பர்க்ரிங் பந்தயத் தளத்தில் வேறு முகம் காட்டுகிறது. 1927-இல் திறந்த அதன் வடக்குச் சுற்று 20.8 கிலோமீட்டர், 73 வளைவு. பந்தயமில்லாத நாட்களில் அது ஒருவழிச் சுங்கச் சாலை. டிக்கெட் வாங்கியவர் யாரும் நுழையலாம். சாலைச் சட்டம் அங்கேயும் செல்லும். முந்துவது இடப்பக்கமாக மட்டும். கடிகாரம் வைத்து நேரம் பிடிக்கக் கூடாது. பதிவுத் தாளில் ஏறாத சக்கரம் வெளிச்சாலையில் குற்றமென்றால் இங்கும் குற்றமே. தடுப்பு வேலியில் மோதினால் வேலிக்கும், இழுத்துப்போகும் வண்டிக்கும் பில் வரும். பல காப்பீட்டு ஒப்பந்தங்கள் இந்தச் சுற்றைப் பெயர் சொல்லியே விலக்கியிருக்கின்றன.

இன்ஜினில் கைவைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. டர்போ இன்ஜினின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதினால் சக்தி எளிதாகக் கூடும், சூடும் கூடும். டிராக்கில் வேகம் தருவது அதைவிட டிஃபரன்ஷியல். 335ஐ-யில் தொழிற்சாலை வைத்தது திறந்த வகை. வளைவிலிருந்து வெளியேறும்போது உள்சக்கரம் வீணாகச் சுழலும். சுழற்சியைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் வைத்தால் இருக்கும் சக்தியே தரைக்கு வந்து சேரும். ரோல் கேஜைச் சாலை வண்டியில் வைப்பது புத்திசாலித்தனமில்லை. ஹெல்மெட் இல்லாத தலைக்கு அந்த இரும்புக் குழாயே எமன்.

இந்த வேலைக்கு நம் நாட்டில் ஆள் குறைவில்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. சோழவரத்தில் கைவிடப்பட்ட போர்க்கால விமான ஓடுதளத்தில் இன்ஜின் பிரித்துச் சேர்த்த ஃபியட், ஹெரால்டு கார்கள் ஓடின. கோவை கரிவரதன் மாருதியின் 800 சி.சி. இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரையே கட்டினார். 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டை டிராக், 3.7 கிலோமீட்டர், 12 வளைவு, தென்னேரியிலிருந்து சுங்குவார்சத்திரம் வழியாகப் போனால் அதிக தூரமில்லை. அந்த டிராக்கில் ஓடிய நாரெய்ன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டினார். தென்னேரி ஏரிக்கரையில் நின்றால் ஜெர்மனியில் கிடைக்காத ஒன்று கிடைக்கும்: மழைக்காலம் தவிர ஆண்டு முழுக்க ஓட்டத் தோதான வெயில். ஜெர்மனியில் பனி விழுந்தால் குளிர்கால டயர் கட்டாயம். கூபே மாதக்கணக்கில் கூடாரத்தில் தூங்கும்.

சட்டம்தான் நம்மிடம் முடவன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை விளக்கி, உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் திருத்தம், மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்றது. நல்ல ஸ்பிரிங்கையும் மட்டமான ஸ்பிரிங்கையும் சோதித்துப் பிரித்து ஆர்.சி.யில் ஏற்ற ஜெர்மனியில் உள்ளதுபோல் வழி இல்லை. சொந்த கார் 15 ஆண்டு முடியும்வரை எஃப்.சி.க்கும் வர வேண்டியதில்லை. ஆக, தடையும் உண்டு, பார்க்க ஆளும் இல்லை.

ஜெர்மன் கூபேயை ஊருக்குக் கொண்டுபோகும் ஆசைக்கும் இடமில்லை. பழைய கார் இறக்குமதிக்கு வயது மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும். ஊரில் இருப்பவருக்கு எளிய வழி, 2007 முதல் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் கூட்டப்படும் பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் ஒன்றைப் பழையதாக வாங்குவது. அந்த 335ஐ காலத்து வண்டியானால், கூபே இல்லாவிட்டாலும் அடித்தளம் அதேதான். அதில் புதிய பிரேக் ஆயில், நல்ல பேடு, நிறுவனம் குறித்த அளவிலேயே நல்ல டயர், சரியான வீல் அலைன்மென்ட், இவ்வளவோடு இருங்காட்டுக்கோட்டைக்குப் போகலாம். வண்டியின் அமைப்பை இவை மாற்றுவதில்லை. ஊர் திரும்புவதற்கு முன், சக்கர போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, அந்த மாடலுக்குரிய 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓடியபின் மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.