'டார்க்' தொடரும் "அப்படிச் செய்திருந்தால்" என்ற சொல்லும்

"ஹஜ்ரத், எல்லாம் முன்பே எழுதப்பட்டதென்றால் ஜோனாஸ் மீது என்ன குற்றம்?" என்று மேல்வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டார். ஜோனாஸ் என்பவன் நெட்ஃபிளிக்ஸில் வெளியான 'டார்க்' என்னும் ஜெர்மானியத் தொடரின் நாயகன். கேள்வியோ கத்ரைப் பற்றியது. ஈமானின் ஆறு அடிப்படைகளுள் ஒன்றைத் தொடும் கேள்விக்குத் தொடரைப் பார்க்காமல் விடை சொல்ல மனம் ஒப்பவில்லை. 2017 முதல் 2020 வரை மூன்று பருவங்களாக வந்த 26 பகுதிகளையும் பார்த்தேன். ஆபாசக் காட்சிகளும் தற்கொலையும் சிறுவர்களின் கொலையும் அதில் உண்டு. ஆகவே குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத் தக்கதன்று.

விண்டன் என்றொரு கற்பனைச் சிற்றூர். அங்கே ஓர் அணுமின் நிலையம், காட்டுக்குள் ஒரு குகை. அக்குகை 33 ஆண்டு இடைவெளியில் காலங்களை இணைக்கிறது. 2019இல் மிக்கெல் என்னும் சிறுவன் அதன் வழியே 1986க்குப் போய்விடுகிறான். அங்கேயே வளர்ந்து, மணமுடித்து, ஜோனாஸுக்குத் தந்தையாகிறான். சிறுவனை மீட்டுக் கொண்டுவந்தால் ஜோனாஸ் பிறக்கவே மாட்டான். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுமுறை சொல்லிப் பழகிய நமக்கே இத்தொடரின் உறவுகள் தலையைச் சுற்றவைக்கின்றன. தாளில் வரைந்துகொண்டுதான் நான் பின்தொடர்ந்தேன்.

தொடரில் நான் மெச்சுவது ஒன்றுண்டு. நடக்கவிருப்பதை அறிந்து தடுக்கப் புறப்படுகிறவர்களே அது நடக்கக் காரணமாகிவிடுகிறார்கள். இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தைக் கடக்கும்போதெல்லாம், இரு கடல்கள் கூடுமிடத்தில் மூஸா (அலை) அவர்கள் கிள்ர் (அலை) அவர்களைச் சந்தித்த வரலாறு எனக்கு நினைவுக்கு வரும். நாம் ஜும்ஆ நாளில் ஓதும் கஹ்ஃப் அத்தியாயத்தில் குகைவாசிகளின் வரலாறும் இருக்கிறது, வருவதை அறிந்த ஒருவரின் வரலாறும் இருக்கிறது. கிள்ர் (அலை) படகைச் சேதப்படுத்தியதும் சுவரை நிமிர்த்தியதும் தம் விருப்பப்படி அல்ல, இறைக்கட்டளைப்படி. விண்டன் மக்களிடம் இருப்பது துண்டு துண்டான அறிவு மட்டும். ஏவியவன் யாருமில்லை.

இத்தனை குழப்பத்துக்கும் வேர் எதுவென்று இறுதிப் பருவத்தில்தான் தெரிகிறது. டான்ஹவுஸ் என்னும் கடிகாரம் செய்பவர் 1971இல் மகனையும் மருமகளையும் பேத்தியையும் கார் விபத்தில் இழக்கிறார். அவர்களை மீட்கவே ஓர் இயந்திரம் செய்து 1986இல் இயக்குகிறார். உலகம் பிளக்கிறது. ஒரு தந்தையின் "அப்படிச் செய்திருந்தால்" என்ற ஏக்கம்தான் 26 பகுதிகளுக்கும் தொடக்கம்.

நம் மாவட்டத்தில் இந்த ஏக்கம் கதையன்று. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்ததில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்லர். முதலில் தீப்பிடித்தபோது உதவவும் வேடிக்கை பார்க்கவும் ஓடியவர்கள். "அன்றைக்கு மட்டும் போகவிடாமல் தடுத்திருந்தால்" என்பதை எத்தனை தாய்மார் எத்தனை இரவுகள் சொல்லியிருப்பார்கள்! நாட்டுக்கே நாட்காட்டி அச்சடித்துக் கொடுக்கும் ஊர் சிவகாசி. ஆனால் கிழித்த தாளை மீண்டும் ஒட்டித்தர அங்கும் ஆளில்லை. "அப்படிச் செய்திருந்தால்" என்னும் சொல் ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அதே நபிமொழியில், பயன் தருவதில் முனைப்புக் கொள்ளுமாறும் இயலாமையில் முடங்காதிருக்குமாறும் முதலில் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த முற்பகுதியை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை.

மாணவரின் கேள்விக்கு வருகிறேன். ஜோனாஸ் முதுமையில் 'ஆதாம்' என்று பெயர் சூட்டிக்கொண்டு, எல்லாம் முன்பே நடந்ததுதானே என்று கொலைகளையும் நியாயப்படுத்துகிறான். ஆதம் (அலை), மூஸா (அலை) இருவருக்கும் நடந்த வாதம் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. சுவனத்தை இழக்கச் செய்ததாக மூஸா (அலை) குறைகூற, தாம் படைக்கப்படும் முன்பே எழுதப்பட்டதற்காகப் பழிப்பதா என்று ஆதம் (அலை) வினவி வாதத்தில் வென்றார்கள். அங்கே பேசப்பட்டது நேர்ந்துவிட்ட துன்பம். பாவத்துக்காக ஆதம் (அலை) முன்பே தவ்பா செய்துவிட்டார்கள் என்று இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்கள் விளக்குவர். துன்பத்துக்குக் கத்ரைச் சொல்லலாம், குற்றத்துக்குச் சொல்லலாகாது. மகனை இழந்த தாய் கத்ர் என்று சொல்லி ஆறுதல் பெறலாம். அளவுக்கு மீறி மருந்தைக் குவித்தவரும், ஓர் அறையில் அளவுக்கு மீறி ஆட்களை அமர்த்தியவரும், உள்குத்தகைக்கு விட்டவரும் அதே சொல்லைச் சொல்லிவிட்டு நகர முடியாது. ஷாமில் கொள்ளைநோய் என்று கேட்டதும் உமர் (ரலி) படையோடு திரும்பினார்கள். விதியிலிருந்து ஓடுகிறீரா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதிக்கே செல்வதாக மறுமொழி சொன்னார்கள். ஜோனாஸ் மீது குற்றம் உண்டு.

தொடரின் முடிவு எனக்கு ஒப்பவில்லை. விபத்தைத் தடுத்து, தாங்கள் இருந்ததற்கான சுவடே இல்லாமல் ஜோனாஸும் மார்த்தாவும் மறைந்துபோகிறார்கள். பிறவாமையே விடுதலை என்கிறது கதை. பிரசவ வேதனையில் மர்யம் (அலை) அவர்களும் இதற்கு முன்பே மரித்து மறக்கப்பட்டிருக்கக் கூடாதா என்று ஏங்கினார்கள். அவர்களுக்குக் கீழே ஒரு நீரோடை ஓடியது. மரத்தை உலுக்கினால் பேரீச்சம்பழம் உதிர்ந்தது. விண்டனில் அழுதுகொண்டிருந்த எவருக்கும் யாரேனும் ஒரு குவளை நீர் கொண்டுவந்து கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.